எண்ணெய்க்கு அடங்காத வயிற்றுவலி

"பள்ளிக்கூடத்தை எப்படி விட்டீங்க, சகோதரி?"

அதற்கு முன்பு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஏன் விட்டாய் என்றுதான் கேட்பார்கள். துணி தைக்கக் கொடுக்க வரும் பெண்கள், அளவெடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதுகூட அம்மாவிடம் கேட்பார்கள். "ஏன் விட்டுட்டா? நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே." அம்மாவின் வாயில் குண்டூசி இருக்கும், அதனால் பதில் வராது. குண்டூசி இல்லாத நேரத்தில் யாராவது கேட்டால், ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள்.

எப்படி என்று கேட்டவர் சின்னவர் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்த இரண்டு மிஷனரிகளில் இளையவர். தெருவில் அவர்களை மோர்மன்கள் என்றார்கள். அவர்களிடம் கேட்டால் தங்கள் சபைக்கு நீளமான பெயர் ஒன்றைச் சொல்வார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி வீடுகளில் கதவு சாத்தப்பட்டிருக்கும். இரண்டு பேருக்கும் இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் சட்டைப் பையில் குத்தியிருந்த கறுப்பு பேட்ஜில் பெயருக்கு முன்னால் மூப்பர் என்று போட்டிருந்தது. ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "மூப்பரே, சோப்பு தீந்துபோச்சு." "மூப்பரே, உங்க சாக்ஸ் என் சாக்ஸோட கலந்துருச்சு."

"மீசையே ஒழுங்கா முளைக்கல, மூப்பராம்" என்றார் மாமா. நாங்கள் உயரத்தை வைத்து ஒருவரைப் பெரியவர் என்றும் இன்னொருவரைச் சின்னவர் என்றும் சொன்னோம்.

பெரியவருக்குப் பேச்சுதான் மூச்சு. சிலிண்டர் கொண்டுவருபவர், தண்ணீர் மீட்டர் பார்ப்பவர், தவறான எண்ணுக்கு ஃபோன் செய்தவர் என்று யாரையும் விடமாட்டார். எங்கிருந்து வந்தோம், எதற்காக இருக்கிறோம், செத்த பிறகு எங்கே போவோம் என்ற மூன்று கேள்விகளை அவர் கேட்கும்போது முகம் அப்படியே மலர்ந்துவிடும். சின்னவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். தலையாட்டும் வேலையையும் கஷ்டப்பட்டுத்தான் செய்வார். கதவு திறந்ததும் அவர் கழுத்தில் டைக்கு மேலே ஒரு சிவப்புத் திட்டு ஏறும். எனக்கு அது நன்றாகத் தெரிந்த சிவப்பு. வகுப்பில் எழுந்து வாசி என்று சொன்னால் என் கழுத்திலும் அதே இடத்தில்தான் ஏறும்.

அவர்களுக்கு விதிமுறைகள் உண்டு. அதில் முக்கியமானது, இரண்டு பேரும் எப்போதும் ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். குளியலறையைத் தவிர வேறெங்கும் தனியாகப் போகக் கூடாது. இந்த ஏற்பாடு இரண்டு வருஷத்துக்கு. ஆள் மாறலாம், ஏற்பாடு மாறாது. "கல்யாணம் பண்ணவங்களே இப்படி இருக்கறதில்ல" என்றாள் அம்மா.

வெளிச்சுவரை ஒட்டி ஏறும் படிக்கட்டு என் ஜன்னலைத் தாண்டித்தான் போகும். நான் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன், ஓரம் மடிப்பேன். அன்றைக்குச் சின்னவர் சட்டைக் கையில் பட்டன் அறுந்துபோய், அதைக் கொடுக்க ஜன்னலுக்கு வந்தார். பெரியவர் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று சிலிண்டர்காரரிடம் மூன்று கேள்விகளில் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டும் தூரம், காதுக்கும் எட்டும் தூரம். ஆனால் பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் காதுக்கு வேறு எதுவும் எட்டாது.

அப்போதுதான் சின்னவர் கேட்டார். அவர் ஏன் அதைக் கேட்டார் என்று சொல்ல, அவருடைய பிழைப்பு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும்.

காலையில் அலாரம் அடித்ததும் மாடியில் குதிக்கத் தொடங்குவார்கள். உடற்பயிற்சி. எங்கள் மின்விசிறி ஆடும். அதன்பின் படிப்பு, பிறகு வெள்ளைச் சட்டை, டை, தோளில் பை, கையில் அவர்களுடைய வேதமான நீலப் புத்தகங்கள். தெரு தெருவாகக் கதவைத் தட்டுவார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது பெரியவர் அன்றைய கதையை அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்வார். அந்தக் கதைகளில் எல்லாம் அடிபட்டவர் சின்னவராகத்தான் இருந்தார்.

ஒரு வீட்டில் நாய் அவருடைய பேன்ட்டின் கீழ்ப்பகுதியை வைத்துக்கொண்டது. இன்னொரு வீட்டில் கதவைத் திறந்த பெண், "அப்பாடா, வந்தீங்களா" என்று இரண்டு பேரையும் உள்ளே இழுத்துப்போய் இன்டர்நெட் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். காலையிலிருந்து அந்தக் கம்பெனி ஆளுக்காகக் காத்திருந்தாளாம். வெள்ளைச் சட்டையும் பேட்ஜும் அவளுக்குப் போதுமானதாக இருந்தன. பெரியவர் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சின்னவர் தரையில் மண்டியிட்டு வயரைப் பிடுங்கி, துடைத்து, திரும்பச் செருகிவிட்டார். விளக்கு எரிந்தது. "நம்ம மூப்பர் அன்னைக்கு மாதிரி சிரிச்சு நான் பாத்ததே இல்ல, சகோதரி" என்றார் பெரியவர். "அந்த அம்மா புத்தகத்தையும் வாங்கிக்கிட்டாங்க. பெட்டியோட வர்ற கையேடுன்னு நினைச்சுட்டாங்க போல."

பிறகு சட்டை விஷயம். அவர்கள் துணியை அவர்களே வாளியில் ஊறவைத்துத் துவைப்பார்கள். அம்மா கொடியில் காயப்போட்டிருந்த சிவப்பு லைனிங் துணி ஒன்று காற்றில் பறந்து அந்த வாளிக்குள் விழுந்துவிட்டது. சின்னவர் அதைக் கைக்குட்டை என்று நினைத்து, சேர்த்துக் கும்மிவிட்டார். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் வெளிர் ரோஜா நிறத்தில் ஊழியம் செய்தார்கள். பெரியவர் அதற்கும் ஒரு நல்லது கண்டுபிடித்தார். வழக்கமாகச் சாத்தும் வீடுகளில், சிரித்து முடித்துவிட்டுத்தான் சாத்தினார்களாம்.

எங்கள் வீட்டுக்குள் அவர்கள் வந்த விதமும் விதிமுறையால் வந்ததுதான். ஆண் துணையில்லாமல் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் நுழையக் கூடாது. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். அதனால் மழை பெய்தாலும் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். பெரியவர் குடைக்குள் நின்று சொர்க்கத்தைப் பற்றிச் சொல்ல, சின்னவர் பாதிக் குடையில் நனைந்துகொண்டிருப்பார். யாராவது வெளியே நிற்பதை அம்மாவால் பார்க்க முடியாது. மிஷினை நிறுத்திவிட்டு மாமாவுக்கு ஃபோன் போட்டாள்.

மாமா அம்மாவின் தம்பி, அடுத்த தெருவில் இருந்தார். வேலை தேடிக்கொண்டிருந்தார், எங்கே கிடைத்துத் தொலைத்துவிடுமோ என்ற பயத்தோடு. அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"நான் என்ன பண்ணணும்க்கா?"

"ஒண்ணும் பண்ண வேணாம். வந்து உக்காரு."

"உக்காந்து?"

"ஆம்பளையா இரு. அவ்வளவுதான்."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்குத் தகுதியான ஒரு பதவி கிடைத்துவிட்டதாக மாமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு எதிரே இருந்த சாய்வு நாற்காலியில் உட்காருவார், பெரியவர் முதல் கேள்வியை முடிப்பதற்குள் தூங்கிவிடுவார். தூங்கும் ஆண் கணக்கில் வருமா என்று சின்னவர் தயங்கிக் கேட்டார். விதிமுறையில் விழித்திருக்க வேண்டும் என்று எழுதியில்லை என்றார் பெரியவர். மாமா கண்ணைத் திறக்காமலே, "பாத்துக்கோ பாப்பா" என்றார் என்னிடம். "நான் உக்காந்தாத்தான் கடவுளே இந்த வீட்டுக்குள்ள வர முடியுது."

அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். மதம் மாறும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. வேலை நேரத்தில் பேச்சுக்குரல் கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது. நான் பேசுகிறவள் இல்லையே.

இதெல்லாம் பெரியவருக்கு இனித்தது. சின்னவருக்கு ஒவ்வொரு கதவும் ஒரு வகுப்பறை. அதனால்தான் அன்றைக்கு ஜன்னலில் வந்து அப்படிக் கேட்டார்.

நான் பட்டனைத் தைத்துக்கொண்டே கேட்டேன், நிமிர்ந்து பார்த்தால் பேச வராது என்பதால். "உங்களுக்கு விடணுமா?"

"வீட்டுக்குப் போகணும்." அவர் குரல் என் குரலைவிடச் சின்னதாக இருந்தது. "வேண்டாம்னு சொல்லிட்டுப் போக முடியாது. எங்க அப்பா இந்த ஊழியத்துக்குப் போயிருக்கார், அண்ணன் போயிருக்கான். சபையில என் ஃபோட்டோவை மாட்டி வச்சிருக்காங்க. அம்மா வாரா வாரம் ஃபோன்ல, உன்னால எங்களுக்குப் பெருமைன்னு சொல்லி அழறாங்க. நானா வந்துட்டேன்னா அந்த ஃபோட்டோவைக் கழட்டணும். அவங்க முன்னாடி யார் கழட்டுவா?"

"அப்ப?"

"அதான் கேட்டேன். நீங்க எப்படி விட்டீங்க? யாரும் திட்டலையா?"

"வயித்துவலி" என்றேன்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய நீலப் புத்தகத்தைக்கூட அவர் அவ்வளவு கவனமாகப் படித்திருக்கமாட்டார்.

"வயித்துவலின்னா யாரும் பாக்க முடியாது. காய்ச்சல்னா தொட்டுப் பாப்பாங்க. தினமும் அதே இடத்துல வலிக்கணும். இடம் மாறினா மாட்டிக்குவீங்க. டாக்டர் அமுக்கிப் பாப்பார். அமுக்கும்போது வலிக்குதுன்னு சொல்லுங்க. அமுக்கிட்டுக் கையை எடுக்கும்போது வலிக்குதான்னு கேப்பார், இல்லைன்னு சொல்லிடுங்க. ஆமான்னா குடல்வால்னு சொல்லி அறுத்துடுவாங்க."

அவர் தன் வயிற்றை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "எவ்வளவு நாள்?"

"பெத்தவங்களுக்கு அலுத்துப்போற வரைக்கும்."

இவ்வளவு நீளமாக நான் வெளியாள் ஒருவரிடம் பேசியதே இல்லை. பட்டன் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் மின்விசிறி ஆடவில்லை.

சின்னவருக்கு வயிற்றுவலி என்று பெரியவர் வந்து சொன்னார். அம்மா வெந்நீர் கொடுத்தனுப்பினாள். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. வாயு என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். வலி மறுநாளும் அதே இடத்தில் இருந்தது, அதற்கு மறுநாளும்.

நானும் சின்னவரும் ஒன்றை மறந்திருந்தோம். ஒருவர் படுத்தால் இன்னொருவரும் வெளியே போக முடியாது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரம். பெரியவர் மாடியறையில் அடைபட்டுக் கிடந்தார். முதல் நாள் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களிடம் பேசிப் பார்த்தார். அடுத்த நாள் எதிர்வீட்டுப் பூனையிடம் பேசினார். அதற்கடுத்த நாள் சுவருக்கு எதிரே நின்று பேசுவது எங்களுக்குக் கீழே கேட்டது. "வணக்கம், நாங்க ஒரு நல்ல செய்தியோட வந்திருக்கோம்." சுவர் கதவைச் சாத்தவில்லை என்பதே அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர்களுக்கெல்லாம் மேலே, பெரிய ஊரில், தலைவர் ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் தலைவரின் மனைவிதான் ஃபோனில் விசாரிப்பார். தண்ணீர் குடிக்கிறாயா, போகிறதா, என்ன நிறத்தில் போகிறது என்று அவர் கேட்க, சின்னவர் பதில் சொல்வது படிக்கட்டு வழியாகக் கீழே கேட்கும். அந்தப் பதில்களைச் சொல்வதற்குப் பேசாமல் பத்துக் கதவு தட்டியிருக்கலாம். ஆனாலும் கடைசியில் அந்த அம்மா, இன்னும் சரியாகவில்லை என்றால் ஊருக்கு அனுப்பிப் பார்ப்பதைப் பற்றித் தலைவரிடம் பேசுகிறேன் என்று சொன்னாராம். சின்னவர் தண்ணீர் எடுக்க இறங்கி ஜன்னலைத் தாண்டும்போது, குனிந்து, "கிட்ட வந்துட்டோம்" என்றார். இன்டர்நெட் பெட்டியில் விளக்கு எரிந்தபோது வந்ததாகப் பெரியவர் சொன்ன சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் பெரியவர் சின்னவரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிக்கொண்டு வந்தார். மாமா நாற்காலியில் இருந்தார்.

"நாங்க ஒண்ணு செய்யப்போறோம், சகோதரி. உங்க எல்லார் முன்னாடியும் செய்யணும்னு எனக்குத் தோணுது" என்றார் பெரியவர். சாவிக்கொத்தை எடுத்தார். அதில் சாவியோடு சாவியாகக் கட்டைவிரல் அளவுக்கு ஒரு உலோகக் குப்பி தொங்கியது. ஜெபித்து வைத்த ஆலிவ் எண்ணெய். நோயாளியின் உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்து, கைகளை வைத்து ஆசீர்வதிப்பார்கள். அதற்கான அதிகாரம் தங்களுக்கு உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை.

மாமா எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா எண்ணெய்?"

"ஒரு சொட்டு போதும், சகோதரரே."

"நம்ம மிஷினுக்கே இதவிட நிறைய விடணும்" என்றாள் அம்மா. ஆனால் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

சின்னவரை அளவெடுக்கும் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அவர் நிஜமாகவே நோயாளிபோல இருந்தார். பெரியவர் சொட்டை வைத்தார், இரண்டு கைகளையும் தலைமேல் வைத்தார், கண்ணை மூடினார். கதவுகளில் பேசுகிற குரல் இல்லை அது. தங்குதடையில்லாமல் கொட்டுகிறவர், வார்த்தை வார்த்தையாக எடுத்து வைத்தார். இந்தத் தம்பியின் அம்மாவை நினைத்துக்கொண்டார். இந்தப் பிள்ளை தன்னைவிட நல்லவன் என்றார். முடிவில் குரலை உயர்த்தி, வலி இந்த நிமிஷமே விலகும், எழுந்து நடப்பாய் என்று வாக்குக் கொடுத்தார்.

கையை எடுத்தார். எல்லோரும் சின்னவரைப் பார்த்தோம். அம்மாகூடக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். சின்னவர் என்னைப் பார்த்தார். நான் மடியிலிருந்த துணியைப் பார்த்தேன்.

வலி போய்விட்டது என்றால் நாளைக் காலையில் கதவுகள். போகவில்லை என்றால் வீடு.

"இன்னும் வலிக்குது" என்றார் சின்னவர்.

"அதே இடத்துலயா?"

"அதே இடத்துல."

பெரியவர் குப்பியை மூடினார். திருகு சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மூடினார். "பரவாயில்ல மூப்பரே" என்றார். படியேறிப் போகும்போது சிலிண்டர்காரர் எதிரே வந்தார். பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். சிலிண்டர்காரர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏன் இந்தத் தம்பி இப்படி ஆயிட்டான்?" என்றாள் அம்மா, அன்று இரவு.

மாமாவுக்குத் தெரிந்திருந்தது. பதவியில் இருப்பவராயிற்றே. "எண்ணெய் வேலை செய்யலன்னா வச்ச கை சரியில்லன்னு அர்த்தமாம்க்கா. மாடிக்குப் போய் விசாரிச்சேன். தன்கிட்டதான் ஏதோ அழுக்கு இருக்குன்னு நினைக்கிறான். நாளையிலேர்ந்து பட்டினி இருந்து ஜெபம் பண்ணப்போறானாம்."

"வயித்துவலிக்காரன் சாப்பிடுவான், நல்லாருக்கிறவன் பட்டினி கிடப்பானா? நல்லாருக்கே கதை."

மறுநாள் காலையிலேயே சின்னவர் ஜன்னலுக்கு வந்துவிட்டார், மேலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான் என்ற தைரியத்தில். கழுத்துத் திட்டு காதுவரை ஏறியிருந்தது. "சகோதரி, இதை எப்படி நிறுத்தறது?"

என்னுடையதை நான் நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்ததும் அதுவாக நின்றுவிட்டது.

"சரியாப்போச்சுன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"சொல்லிட்டேன். காலையில எழுந்ததுமே, வலி போச்சு மூப்பரே, குதிக்கலாம் வாங்கன்னு சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, எனக்காகப் பொய் சொல்லாதீங்கன்னுட்டார்."

இத்தனை நாள் பொய்யை நம்பியவர், முதல் உண்மையை நம்பவில்லை. சின்னவர் குதித்துக் காட்டியிருக்கிறார். பெரியவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம், இவ்வளவு வலியிலும் எனக்காகக் குதிக்கிறாரே என்று.

"அப்ப முழுசையும் சொல்லணும்" என்றேன்.

"வலியே இல்லைன்னா?"

"ஆமா."

"சொன்னா என்னை என்னன்னு நினைப்பார்?"

அவர் அங்கேயே நின்று ஒத்திகை பார்த்தார். "மூப்பரே, எனக்கு வயித்துவலி இல்ல. மூப்பரே, எனக்கு வந்ததே இல்ல." மூன்றாவது தடவை கொஞ்சம் நன்றாக வந்தது. மேலே போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து, பெரியவர் மண்டியிட்டு ஜெபத்தில் இருக்கிறார், எழுந்ததும் சொல்கிறேன் என்றார். மத்தியானம் வந்து, அவர் ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், முடித்ததும் சொல்கிறேன் என்றார். நானும் இப்படித்தான் செய்வேன் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவர் வாயைத் திறப்பதற்குள் உலகத்தில் எல்லோரும் எதையாவது முடித்துக்கொண்டிருப்பார்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் கீழே வந்தார்கள். பெரியவர் முகம் ஒரு நாள் பட்டினியிலேயே ஒடுங்கிவிட்டது. அம்மா தட்டை வைத்து, "முதல்ல சாப்பிடுங்க தம்பி, கடவுள் எங்கேயும் ஓடிப்போயிட மாட்டார்" என்றாள். அவர் தலையாட்டி மறுத்தார். மிஷின் நின்றது, மாமா விழித்துக்கொண்டார். மிஷின் சத்தம் நின்றால்தான் அவருக்கு விழிப்பு வரும்.

அந்த அமைதியில் சின்னவர் எழுந்து நின்றார், வகுப்பில் நிற்பதுபோல.

"மூப்பரே, எனக்கு வயித்துவலி இல்ல. வந்ததே இல்ல. வீட்டுக்குப் போறதுக்காகப் பொய் சொன்னேன். எண்ணெய் வச்சப்பவும் பொய்தான் சொன்னேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். வயிற்றுவலி எந்தக் கடையில் வாங்கியது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதை அவள் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

மாமாதான் முதலில் பேசினார். "அப்ப எண்ணெய் மேல குத்தமில்ல."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சின்னவரும் பயந்துகொண்டே சேர்ந்து சிரித்தார். "என் கை நல்ல கைதான்" என்றார் பெரியவர் மாமாவிடம், இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி. "நல்ல கைதான் சகோதரரே." அப்படியே கையைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் மத்தியானமே தலைவருக்கு ஃபோன் பண்ணிட்டேன்."

"எதுக்கு?" என்றார் சின்னவர்.

"இங்க அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாரையும் உக்கார வச்சு, தப்பு ஏதாவது பண்ணியிருக்கீங்களான்னு கேப்பாங்க இல்ல. ஒரு பொண்ணு விஷயத்துல ஒண்ணு இருந்தது. இல்லைன்னு சொல்லிட்டேன். வரணும்னு அவ்வளவு ஆசை. இத்தனை நாள் அது எங்கயோ போயிருச்சுன்னு நினைச்சேன். எண்ணெய் கேக்கலன்னதும், அதுதான் வந்து நிக்குதுன்னு..." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாளைக்கு வர்றாங்க. என்னை வீட்டுக்கு அனுப்புவாங்க."

மாமா வாயைத் திறந்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார்.

"நான் ஃபோன் பண்றேன்" என்றார் சின்னவர். குரல் பெரிதாக வந்தது; அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். "என்னாலதான்னு சொல்றேன். நான் பொய் சொன்னதாலதான் நீங்க சொன்னீங்கன்னு சொல்றேன்."

"நீங்க சொன்னது பொய்யின்னா, நான் சொன்னது பொய்யாயிடுமா மூப்பரே?"

சின்னவர் அப்படியும் ஃபோன் செய்தார், எங்கள் முன்னாலேயே. கேள்வி எதுவும் வராமலே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா, ஃபோட்டோ, கதவு, எண்ணெய். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றும் கேட்டுவிட்டார். அந்தப் பக்கம் தலைவர் நீண்ட நேரம் பேசினார். ஃபோனை வைத்தபோது சின்னவரின் முகத்தைப் பார்த்து, நல்ல வசை விழுந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"என்ன சொன்னார்?" என்றாள் அம்மா.

"இவ்வளவு தைரியமா உண்மை பேசற ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தாராம். நாளைக்குப் புதுசா ஒருத்தரை அனுப்பறார். அவருக்கு நான்தான் எல்லாம் கத்துக்கொடுக்கணுமாம். பெரிய பொறுப்பு தர்றேன், உங்க அம்மாகிட்டயும் சொல்றேன்னார்."

மாமா பெருமூச்சு விட்டார். "உண்மை பேசினா இப்படித்தான் வேலை வந்து மாட்டும்."

பெரியவர் அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார். தட்டில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டார். சின்னவரால் ஒரு வாய்கூட இறக்க முடியவில்லை. நிஜமாகவே வயிறு சரியில்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் கார் வந்தது. முன்சீட்டிலிருந்து வயதான ஒருவர் இறங்கினார், அவர்தான் தலைவர். கறார் ஆள் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வந்தவர்போல இருந்தார். பின்சீட்டிலிருந்து புதிய மூப்பர் இறங்கினார். டை காதுக்கடியில் இருந்தது, இறங்கும்போதே நீலப் புத்தகங்களைக் கீழே போட்டார். சின்னவர் ஓடிப்போய் பொறுக்கிக் கொடுத்தார்.

பெரியவர் பெட்டியோடு படியிறங்கி வந்தார். வெள்ளைச் சட்டையில் பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. எங்கள் ஜன்னலைத் தாண்டினார். அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். தெருமுனையில் சிலிண்டர்காரர் வண்டியை நிறுத்தி, மூன்றாவது கேள்வியை இன்னும் கேட்கவில்லையே என்பதுபோலப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க தம்பி" என்றாள் அம்மா. "ஊருக்குப் போனதும் ஃபோன் பண்ணுங்க."

சின்னவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூப்பரே" என்று தொடங்கினார். தொடர்ந்து நீளமாக மன்னிப்புக் கேட்டார், எழுதி மனப்பாடம் செய்ததைப் போல. கழுத்தில் சிவப்பே இல்லை. எங்கும் தடுமாறாமல் சொல்லி முடித்துவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தார்.

பெரியவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கதவிலிருந்து சின்னவரின் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கார் தெருவைத் தாண்டித் திரும்பும்வரை கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. தெருமுனையில் நின்ற சிலிண்டர்காரரைத் தாண்டும்போதும் அவர் மடியிலிருந்த பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.